ரஞ்சன்குடியில் எழுந்த ஒரு வினா

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை வரும். எம் துறை மாணவர் சிலருடன் ஒருநாள் அங்குச் சென்றிருந்தோம். அகழியையும் அடுக்கடுக்கான மதில்களையும் காட்டி, 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக நின்று பொருத வாலிகண்டபுரப் போரை விவரித்துக் கொண்டிருந்தோம். "போர் முடிஞ்ச பிறகு இந்த ஊர்க்காரங்களுக்கு யாருங்க ஐயா மருந்து கொடுத்தாங்க?" என்றார் மாணவி ஒருவர்.

பரணி பாடிய மரபில் வந்தவர்கள் நாம். களத்தில் பேய்கள் கூழ் அட்டதை வகுப்பு வகுப்பாகச் சொல்வோம். போர் ஓய்ந்த ஊரில் பிள்ளைவலி கண்ட பெண் எங்கே போனாள் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

அவ்வினாவைப் பற்றிக்கொண்டு தேடினால், கொள்ளிடம் கடந்து தஞ்சைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1781இல் ஐதர் அலியின் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. வயல்கள் பாழாயின, குடிகள் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சம் சூழ்ந்தது. சுவார்ட்சு பாதிரியார் முன்கூட்டியே நெல் வாங்கி வைத்துப் பட்டினி கிடந்தோர்க்குச் சோறிட்டார். ஓடிய உழவர்கள் அவர் வாக்கை நம்பியே திரும்பி வந்தனர் என்பது வரலாறு. அவர் அரவணைப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

ஆளும் உரிமை போன அம்மன்னர் எதற்காக மன்றாடினார் என்பதுதான் நம் கவனத்துக்குரியது. இராமேசுவரச் சாலையில் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் தடையின்றி நடக்க வேண்டுமென்று, 1801இல் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் அங்கிருந்தனர். வழியில் நோயுற்றவர்க்கு மருந்தும் பத்தியமும் குணமாகும்வரை உண்டு. அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு. பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம். செலவு சத்திரத்தைச் சேர்ந்தது. (மூன்று மாதப் பேறுகால விடுப்புக்கு நம் காலத்துப் பெண்கள் எத்தனை மனு எழுத வேண்டியிருந்தது!) எல்லாச் சாதியார்க்கும் உணவுண்டு, இறந்தோர்க்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன். சாதியை அந்தத் தருமம் ஒழித்துவிடவில்லை. சோற்றையும் மருந்தையும் அதனால் மறுக்கவுமில்லை.

1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. மன்னரின் அன்புக்குரியவராயிருந்து மறைந்த முத்தாம்பாளின் விருப்பப்படி கட்டப்பட்டது என்பர்.

தன்வந்திரி மகாலைப் பற்றி அறிஞர் பலர் எழுதிவிட்டனர். நம் நாட்டு முறையும் ஐரோப்பிய முறையும் அங்கு அருகருகே ஆராயப்பட்டன. கண் நோயாளர் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களும் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. அவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பாழ்பட்ட நாட்டில் நடந்து களைத்த ஏழைக்குக் கைக்கெட்டியது சாலையோரச் சத்திரமே என்பது எம் கருத்து.

இன்னொன்றைத் தமிழாசிரியர்களாகிய நாம் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். அங்குக் கண்ட மருந்து முறைகளை அரண்மனைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். மோடி எழுத்தும் மராத்தியும் அறியாத சிற்றூர் வைத்தியரும் மனப்பாடம் செய்யத்தக்க வடிவம் அது. 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாகச் சரசுவதி மகால் நூலகம் அவற்றை அச்சிட்டும் இருக்கிறது. முதுகலையில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் படித்தோம். அதே அவையில் பிறந்த இச்செய்யுள்களின் பெயரைக்கூட யாரும் எமக்குச் சொன்னதில்லை. கேள்வி கேட்ட மாணவிக்கு அந்நூல்களில் ஒன்றை இரவல் கொடுத்திருக்கிறோம். இன்னும் திருப்பித் தரவில்லை.