தம்பி கடை ரொட்டி

எல்ல பட்டணத்தின் பிரதான வீதியில் இன்று நடந்து போனால் கடைக்குக் கடை வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். வாழைப்பழ சொக்லட் ரொட்டி, மரக்கறி ரொட்டி, கோழிக் கொத்து. முதுகுப்பையோடு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ருசித்துத் தின்கிறார்கள். ஆங்கிலப் பிரபு ஒருவரின் பட்டத்தால் பெயர் பெற்றது சான்ட்விச். அதைத் தேடி வந்தவர்களுக்கு நாம் மடித்த ரொட்டியைக் கொடுத்து அனுப்புகிறோம். சந்தோஷம்தான். ஆனால் அது எந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தது என்று எழுதிவைக்க எமக்குத் தோன்றவில்லை. காப்பியங்களுக்கு வரலாறு எழுதிய நாம் அடுப்படியை மறந்துவிட்டோம்.

முதபக் என்ற அறபுச் சொல்லுக்கு மடிக்கப்பட்டது என்று பொருள். உள்ளே இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்த ரொட்டி அது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முர்தபா ஆயிற்று. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908இல் தொடங்கிய ஸம் ஸம் உணவகம் அதற்கே பேர்போனது. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டலைத் திறந்த ஏ.எம். புஹாரியும் கொழும்பில் வாழ்ந்து திரும்பியவர்தான். அவற்றுக்கெல்லாம் பெயர்ப்பலகை உண்டு, ஆண்டு உண்டு. ஊவா மலைக் கடைகள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. சிங்களவருக்கு அது ‘தம்பி கடே’. தோட்டத்து மக்களுக்கு ‘நானா கடை’. கல்லாவில் இருந்த ஒரே மனிதர் ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்கு மூத்தவர்.

1924இல் ரயில் பதுளை வரை வந்தது. தோட்டத்துக்கு அரிசி போன பாதையில் கோதுமை மாவும் போனது. மாவுக்கு உண்மையான காலம் பிறந்தது 1942இல். ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. கூப்பன் அரிசி குறைந்தது, மாவு வந்தது. லயத்து அடுப்பில் தடித்த ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். கொழுந்துக் கூடையோடு மலையேறியது அந்த ரொட்டிதான். கடை ரொட்டி வேறு சாதி. எண்ணெயில் ஊறவிட்ட மா உருண்டையைத் தட்டி, வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக்கிக் கல்லில் போடுவது. கோதம்ப ரொட்டி என்போம். உள்ளே வைத்து முக்கோணமாக மடிக்கும் மரக்கறியில் மட்டும் எங்கள் மண் இருந்தது: வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கும் லீக்ஸும்.

சம்பள நாளில் தோட்டத்துக் குடும்பம் பட்டணத்துக்கு இறங்கினால் பிள்ளைக்கு ஒரு முட்டை ரொட்டி. அதற்குமேல் ஆடம்பரம் இல்லை. 1970களின் முற்பகுதியில் உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு விற்கக்கூடாது என்று அரசு சட்டம் போட்டபோது ரொட்டிக் கல்தான் கடைகளைக் காப்பாற்றியது. ஆனால் 1973, 74இல் மாவும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். இதைச் சொல்லாமல் ரொட்டியின் ருசியை மட்டும் எழுதுவது நியாயமல்ல.

மிஞ்சிய ரொட்டியை முட்டையோடும் கறியோடும் கல்லில் போட்டு இரு தகடுகளால் கொத்தியது பின்னர் நாடு முழுவதற்குமான சாப்பாடாயிற்று. கிழக்கு மாகாணத்தார் அது தமது என்பர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிங்களவரும் அதைக் கொத்து என்றே அழைக்கிறார்கள். ஒரு தமிழ் வினைச்சொல் எந்த மொழிச் சட்டமும் இல்லாமல் தீவு முழுவதும் செல்லுபடியாகிவிட்டது.

தம்பி என்ற சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது ‘தம்பியா’ என்று தேய்ந்து வசையாயிற்று. 1915 கலவரத்திலேயே சோனகர் கடைகள் எரிந்தன. கடை என்பது எப்போதும் வீதியைப் பார்த்துத் திறந்திருப்பது, முதலில் கல் விழுவதும் அங்கேதான். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் கண்ட ஒரு கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத காசாளரை மிரட்டிக் கேட்டு, அவர் தலையாட்டியதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். அந்த இரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் கண்டி, திகன எரிந்தது. உணவில் கலந்து மனிதரை மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் வந்தது: அது வெறும் மாக்கட்டி.

மாக்கட்டி! ரொட்டிக்கல் பக்கம் நின்ற எவருக்கும் தெரியும். அவசரத்தில் பிசைந்தால், சரியாகக் கரையாவிட்டால், மா கட்டிபடும். வாடிக்கையாளர் திட்டுவார், முதலாளி வேறு தட்டுக் கொடுப்பார். இத்தனை காலமும் அதற்கு அவ்வளவுதான் தண்டனை.

அந்தக் கடைகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், மரக்கறி ரொட்டி கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதைத் தின்று பிளேன்டீயைக் குடித்து எழுந்தால், கல்லாவிலிருந்தவர் தட்டைப் பார்க்கமாட்டார். “எத்தனை?” என்று உங்களிடமே கேட்பார். நீங்கள் சொன்னதுதான் கணக்கு.