அருஞ்சொல்லும் எளிய சொல்லும்: ஆங்கில அகராதி வளர்ந்த வரலாறு

அகராதி என்பது அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் நூல் என்பதே பலரும் கொண்டுள்ள கருத்து. ஆங்கில அகராதியும் அவ்வாறே தோன்றியது. ஆயினும், அதனை ஆக்கியோரைப் பெரிதும் வருத்தியவை அருஞ்சொற்கள் அல்ல. சிறுவரும் அறிந்த எளிய சொற்களே.

16ஆம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து எண்ணற்ற சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. உயர்கல்வி பெறாத மக்கள் அவற்றின் பொருளறியாது இடர்ப்பட்டனர். எட்மண்ட் கூட் என்னும் பள்ளியாசிரியர் 1596இல் வெளியிட்ட பாடநூலில் அத்தகைய சொற்களின் பட்டியலொன்றைச் சேர்த்தார். ஆசிரியராயிருந்த இராபர்ட் காட்ரி அதனைப் பயன்படுத்தி, 1604இல் ஏறத்தாழ 2,500 சொற்கள் கொண்ட சிறுநூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருளுரைத்த முதல் அகராதியாக இதனையே கொள்வர். பெரும்பாலான சொற்களுக்கு ஓரிரு சொற்களிலேயே பொருள் தரப்பட்டது. எழுத்துகளின் வரிசையை முதலில் மனப்பாடம் செய்யுங்கள் என்றும் காட்ரி அறிவுறுத்தினார். அகர வரிசையில் தேடும் பழக்கம் அன்று அவ்வளவு அரிது.

எல்லாரும் அறிந்த சொற்களுக்குப் பொருள் எதற்கு என்ற எண்ணமே ஏறத்தாழ நூறாண்டு நிலவியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அன்றாடச் சொற்களும் அகராதியில் இடம்பெறலாயின.

1755இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 'டேக்' என்னும் ஒரு சிறு சொல்லுக்கே 134 பொருள்கள் வகுக்கப்பட்டன. வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்னும் எளிய சொல்லுக்கோ, அதனினும் கடிய இலத்தீன்வழிச் சொற்களை அடுக்கிப் பொருள் கூறினார். அதனைக் கண்டு நகைத்தவர் பலர். ஆனால், மிக எளிய சொல்லை அதனினும் எளிய சொல்லால் விளக்க இயலாது என்பதை அவர் முன்னுரையிலேயே எடுத்துரைத்திருந்தார்.

மில்ஹில் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் மரே, 1879இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்றார். 1915இல் அவர் மறைந்தார்; பணி முடிந்தது 1928இல். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அப்பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்றது, மூன்றே எழுத்துடைய 'செட்' என்னும் சொல்லாகும்.

பல்பொருட் சொற்களின் அருமையைத் தமிழ் நிகண்டு நூலாரும் நன்கு உணர்ந்திருந்தனர். திவாகரத்தின் 11ஆம் தொகுதி அவற்றிற்கெனவே வகுக்கப்பட்டதன்றோ?

'டேக்' என்றால் 'எடு' என்று மட்டும் கற்ற மாணவன், மகன் தந்தையை ஒத்திருப்பதைச் சொல்லும் 'டேக் ஆஃப்டர்' என்ற தொடரைக் கண்டு திகைப்பான். அகராதியைப் புரட்டவும் அவனுக்குத் தோன்றாது, தெரிந்த சொல்லாயிற்றே! தெரியாத சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே ஏமாற்றும். அங்கேதான் ஆசிரியரின் துணை மாணவனுக்குத் தேவை.