சுழன்றதால் நிலைத்தது

உலகின் முதல் வணிகத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான 'ஏர்லி பேர்டு' 1965 ஏப்ரல் 6 அன்று ஏவப்பட்டது. அதன் வரலாற்றைப் பலரும் ஆர்தர் சி. கிளார்க்கின் 1945ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குவார்கள். பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள், பூமியின் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகையே இணைத்துவிடலாம் என்று கணக்கிட்டுக் காட்டியவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் அவர் எண்ணியது ஆட்கள் தங்கிப் பராமரிக்கும் பெரிய நிலையங்களை. அந்த உயரத்தை வணிகத்துக்குத் திறந்துவிட்டது எடையைக் குறைத்த வேலைதான் என்பேன்.

அமெரிக்க ராணுவத்தின் 'அட்வென்ட்' திட்டம் இதற்குச் சான்று. குறி அதே சுற்றுப்பாதை. கோளோ கனமானது, அதைத் தூக்கவேண்டிய சென்டார் ராக்கெட்டும் உரிய காலத்தில் தயாராகவில்லை. 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. ஹியூஸ் நிறுவனத்தில் ஹரால்ட் ரோசன், டொனால்ட் வில்லியம்ஸ், டாமஸ் ஹட்ஸ்பெத் மூவரும் 1959 முதலே வேறு வழியில் யோசித்தார்கள். கோளை உருளையாகச் செய்து பம்பரம்போலச் சுழலவிட்டால் சாயாமல் நிற்கும். சுழற்சியில் சரியான கணம் பார்த்து விட்டுவிட்டு வாயுவைப் பீய்ச்சினால், இடத்தையும் சாய்வையும் திருத்த மிகச் சில உந்துகுழாய்களே போதும்; எடையும் குறையும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1963இல் அவர்களின் சின்காம்-2 கோள் இந்த வழியை மெய்ப்பித்தது. அந்த வழியில் வந்த ஏர்லி பேர்டு சுற்றுப்பாதையில் 40 கிலோகூட இல்லை. ஆனாலும் 240 தொலைபேசித் தடங்களையோ ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பையோ சுமந்தது. 1956இல் அட்லாண்டிக்கின் அடியில் இட்ட டாட்-1 கேபிள் 36 தடங்களோடுதான் தொடங்கியது.

அவ்வளவு உயரம் போய்வரும் பேச்சு தாமதமாகுமே என்பது அன்றைய வலுவான ஆட்சேபம். ஒருவர் சொன்னது மற்றவரை எட்டக் கால் நொடி, பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. தாழப் பறக்கும் கோள்கள் பலவற்றை விடலாம் என்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி. சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் டெல்ஸ்டார் 1962இல் காட்டியபடி, அத்தகைய கோளைத் தரையிலுள்ள ஆன்டெனா துரத்திக்கொண்டே இருக்கவேண்டும். சிறிது நேரத்தில் அது மறைந்தும் விடும். 1965 ஜூன் 28இல் கட்டணச் சேவை தொடங்கியபின் மக்கள் தாமதத்தோடே பேசினார்கள். ஏர்லி பேர்டுக்கு உரிமையுள்ள பன்னாட்டு அமைப்பான இன்டெல்சாட்டின் அடுத்த கோள்களும் அதே உயரத்துக்கே போயின. ஏர்லி பேர்டு ஏவப்பட்ட அதே ஏப்ரலில் சோவியத் அனுப்பிய மோல்னியா கோள் வேறு பாதையில் சென்றதே என்று கேட்கலாம். வடகோடி நிலங்களிலிருந்து பார்த்தால் பூமத்திய ரேகைக்கு மேலுள்ள கோள் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும்; அது அந்நாட்டின் தனித் தேவை. தாமதம் குறித்த ஆட்சேபமோ முற்றிலும் பொய்க்கவில்லை: 1988இல் டாட்-8 ஒளியிழைக் கேபிள் வந்தபின் கண்டம் தாண்டிய பேச்சு மெல்ல மெல்லக் கடலடிக்குத் திரும்பியது. கால் நொடி பிந்துவதைப் பொருட்படுத்தாத தொலைக்காட்சி அந்த உயரத்திலேயே தங்கிவிட்டது.