உப்பிலிருந்து பாகுக்கு: பண்டிகை ஹாமின் இனிப்புப் பூச்சு உருவான வரலாறு

பன்றியின் பின்னந்தொடையை எலும்போடும் தோலோடும் முழுதாக உப்பிட்டு, வாரக்கணக்கில் ஊறவிட்டு, பெரும்பாலும் புகையும் ஊட்டிப் பதப்படுத்திய இறைச்சியே ஹாம் எனப்படுகிறது. உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக்குத் தமிழில் உப்புக்கண்டம் என்ற சொல் உண்டெனினும், அது துண்டு போட்டு வெயிலில் காயவைப்பதைக் குறிப்பது. ஹாமோ குளிரிலும் நிழலிலும் முழுத்தொடையாகவே பதமாவது. ஆகவே இக்கட்டுரை ஹாம் என்ற சொல்லையே கையாள்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய பண்டிகைகளின் விருந்துமேசையில் இந்த ஹாம், பழுப்புச் சர்க்கரையோ தேனோ கடுகுவிழுதுடன் கலந்து பூசப்பட்டு, கிராம்பு குத்தப்பட்டு, ஓவனில் சுடப்பட்டுப் பளபளக்கும் மேற்புறத்துடன் வந்து அமர்கிறது. கிளேஸ் என்று வழங்கும் இந்தப் பாகுப்பூச்சை வெறும் அலங்காரமாகவோ அமெரிக்கர்களின் இனிப்பு மோகமாகவோ கொள்வது பொது வழக்கம். அக்கருத்து முழு உண்மையன்று. உப்பின் கரிப்பைத் தணிக்க இறைச்சிக்கு உள்ளே சென்ற இனிப்பு, உப்பின் தேவை குறையக் குறைய, படிப்படியாக வெளியே வந்து மேற்பூச்சாக நிலைத்த வரலாறு அதனுள் அடங்கியிருக்கிறது.

ஹாம் ஏன் பண்டிகை உணவாயிற்று என்ற வினாவுக்கு விடை, சமயத்தைக் காட்டிலும் பருவகாலத்தில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. ஐரோப்பியக் குடியானவர்கள் இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தடியில் உதிரும் கொட்டைகளை மேயவிட்டுப் பன்றிகளைக் கொழுக்க வைத்தனர்; நவம்பர் 11ஆம் நாள் வரும் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டிய வாரங்களில் அவற்றை வெட்டினர். குளிர் இறங்கிய பின்னரே வெட்டியதற்குக் காரணம் உண்டு. உப்பு தொடையின் மேற்புறத்திலிருந்து எலும்பு வரை ஊடுருவப் பல நாட்கள் ஆகும். வானிலை வெதுவெதுப்பாக இருந்தால், உப்பு சென்று சேர்வதற்குள் எலும்பை ஒட்டிய பகுதி கெட்டுவிடும். குடலும் ஈரலும் இரத்தமும் உடனே சமைக்கப்பட்டன. தொடைகள் குளிர்காலம் முழுவதும் உப்பில் கிடந்து, புகையில் தொங்கி, தவக்காலம் முடியும் வேளையில் பக்குவமடைந்தன. ஈஸ்டருக்கும் ஹாமுக்கும் உள்ள உறவு இவ்வாறு அமைந்தது. சுவீடனிலோ டிசம்பரில் வெட்டிய பன்றியின் தொடையை இலேசாக மட்டும் உப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கே சமைத்துவிடும் வழக்கம் வேரூன்றியது. யூல்ஷின்கா எனப்படும் அந்தத் தொடையின்மேல் முட்டையும் கடுகுவிழுதும் தடவி, ரொட்டித்தூள் தூவிச் சிவக்கச் சுடுவர்.

பழைய நார்ஸ் மக்கள் ஃப்ரேய் என்னும் தெய்வத்துக்குப் பன்றியைப் பலியிட்ட யூல் சடங்கே கிறிஸ்துமஸ் ஹாமின் மூலம் என்று பலர் எழுதுகின்றனர். யூல் இரவில் மண்டபத்துக்குள் கொண்டுவரப்பட்ட ஆண்பன்றியின்மேல் கைவைத்துச் சூளுரைத்த செய்தி ஐஸ்லாந்திய இலக்கியத்தில் உள்ளதே. ஆயினும் அச்சடங்கிலிருந்து இன்றைய விருந்துவரை இடையறாத ஒரு கோட்டை இழுப்பதற்குச் சான்று போதாது. வெட்டும் பருவமும் விழாக்காலமும் ஒன்றாக அமைந்ததே போதிய விளக்கமாகப் படுகிறது.

உப்பிடும் முறையை விரிவாகச் சொல்லும் பழைய நூல்களுள் ஒன்று, ரோமானிய அரசியலாளர் மூத்த கேட்டோ கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூல். பெரிய மண்சாடியின் அடியில் உப்பைப் பரப்பி, தோல் கீழே இருக்குமாறு தொடையை வைத்து, இறைச்சி இறைச்சியைத் தொடாதபடி ஒவ்வோர் அடுக்கையும் உப்பால் மூடச் சொல்கிறார் அவர். ஐந்து நாள் கழித்து மேலிருப்பதைக் கீழாக மாற்றி அடுக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் எடுத்து, உப்பைத் துடைத்து, இரண்டு நாள் காற்றிலும், எண்ணெய் தடவியபின் இரண்டு நாள் புகையிலும் தொங்கவிட வேண்டும். இறுதியாக எண்ணெயும் வினிகரும் கலந்து பூச வேண்டும். இந்தச் செய்முறையில் இனிப்புக்கு இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கேட்டோவின் கவலை அந்துப்பூச்சியும் புழுவும் அண்டக்கூடாது என்பதே.

இனிப்பு அடுத்த கட்டத்தில், அதாவது சமைக்கும் கட்டத்தில் நுழைகிறது. அபிகியஸ் என்ற பெயரால் வழங்குவதும், கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுவதுமான இலத்தீன் சமையல் தொகுப்பில், பெர்னா என்ற பெயரில் ஹாம் வருகிறது. தொடையை ஏராளமான உலர் அத்திப்பழங்களோடும் மூன்று பிரிஞ்சி இலைகளோடும் வேகவைத்து, தோலை உரித்து, கொழுப்பின்மேல் கட்டம் கட்டமாகக் கீறி, கீறல்களில் தேனை நிரப்பச் சொல்கிறது அக்குறிப்பு. பின்னர் எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவால் போர்த்தி அடுப்பில் சுட வேண்டும். கட்டமாகக் கீறுதல், இனிப்பை நிரப்புதல், அடுப்பில் சுடுதல் ஆகிய மூன்றும் இன்றைய அமெரிக்கச் சமையலறையில் எந்த வரிசையில் நடக்கின்றனவோ, அதே வரிசையில் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாகியுள்ளன. உப்பில் ஊறிய தொடையை நீரில் வேகவைப்பது கரிப்பை இறக்குவதற்காக. அத்தியும் தேனும் எஞ்சிய கரிப்பை நாக்கு தாங்குமாறு செய்வதற்காக. ரோமானியச் சமையல்காரர் ஆடம்பரத்துக்காகத் தேனை ஊற்றினார் என்று மட்டும் கொள்வது அவருடைய கைத்திறனைக் குறைத்து மதிப்பதாகும்.

கரும்புச் சர்க்கரை மலிவடைந்த பின்னர், இனிப்பு இறைச்சிக்குள்ளேயே புகுந்தது. 1747இல் இலண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல், ஹாம் செய்ய உப்பின் அளவுக்கு நிகராக நாட்டுச்சர்க்கரை போன்ற கரடுமுரடான சர்க்கரையையும் சேர்த்துத் தேய்க்கச் சொல்கிறது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமீலியா சிம்மன்ஸின் 1796ஆம் ஆண்டு நூலோ, சர்க்கரைக்குப் பதில் மொலாசஸைக் கொள்கிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை படிகமான பின் வடியும் கரிய பாகே மொலாசஸ். ஒரு தொடைக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றே குறைவான மொலாசஸும் அதே அளவு கடலுப்பும் இட்டு, ஆறு முதல் எட்டு வாரம் ஊறவிட்டு, சோளத்தக்கைப் புகையில் மூன்று வாரம் வைக்கச் சொல்கிறார் அவர். இவ்விரு நூல்களிலும் இனிப்பு மேற்பூச்சு அன்று. பதப்படுத்தும் கலவையின் ஓர் உறுப்பு.

அக்கலவையின் மூன்றாவது உறுப்பு வெடியுப்பு. பொட்டிலுப்பு எனவும் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டான இது வெடிமருந்துக்கு இன்றியமையாதது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பீகாரின் பாட்னாப் பகுதியிலிருந்து இதைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. பீரங்கிக்குப் போன அதே உப்பில் ஒரு சிட்டிகை இறைச்சிச் சாடிக்கும் போய், ஹாமுக்கு அதன் இளஞ்சிவப்பு நிறத்தைத் தந்தது. நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன என்பதும், நிறத்துக்கும் பாதுகாப்புக்கும் அந்த நைட்ரைட்டே காரணம் என்பதும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயின. கலவையிலிருந்த சர்க்கரை, கரிப்பைத் தணித்ததோடு அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் பயன்பட்டது.

வட அமெரிக்காவில் பன்றி இயற்கையாக இருந்ததில்லை. 1539இல் ஸ்பானியர் எர்னாண்டோ தெ சோட்டோ ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்த மந்தையும், 1607இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தைத் தொடர்ந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தவையும் காடுகளில் பெருகின. வர்ஜீனியாவின் குளிர்காலம் உப்பிடுவதற்கும், நீண்ட வெப்பமான கோடை பல மாதங்கள் முதிரவைப்பதற்கும் ஏற்றவையாக இருந்தன. ஹிக்கரி மரப்புகையில் கருத்த வர்ஜீனியா ஹாம் கடல்கடந்தும் புகழ்பெற்றது: 1786இல் ஜார்ஜ் வாஷிங்டன் தம் பிரெஞ்சு நண்பர் லாஃபயெட்டின் வீட்டுக்கு ஒரு பீப்பாய் ஹாமை அனுப்பி வைத்தார். அவர் எழுதிய கடிதம் அதன் பெருமையை வர்ஜீனியச் சீமாட்டிகளுக்கு உரித்தாக்குகிறது. வாஷிங்டனின் பண்ணையிலும் பிற தோட்டங்களிலும் பன்றியை வெட்டியவர்களும், உப்பைத் தேய்த்தவர்களும், புகைக்கூடத்தின் கனலை அணையாமல் காத்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர். கலவையில் விழுந்த மொலாசஸும் கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களில் காய்ச்சப்பட்டது. புகைக்கூடங்கள் பூட்டப்பட்டன, நல்ல தொடைகள் எசமானர் மேசைக்குச் செல்ல, அவற்றை ஆக்கியவர்களின் பங்கீட்டில் சோளமாவும் தாழ்ந்த தர உப்பிறைச்சியும் விழுந்தன. ஹாமின் வரலாற்றை எழுதுவோர் இதைக் கடந்து செல்வது நேர்மையாகாது. விடுதலை பெற்றவர்கள் அமைத்த ஃப்ரீடவுன் என்னும் வர்ஜீனியச் சிற்றூரில் பிறந்த எட்னா லூயிஸ் 1976இல் வெளியிட்ட சமையல் நூல், டிசம்பர் மாதப் பன்றி வெட்டையும் புகைக்கூடத்தையும் அந்த மக்களின் சொந்த அறிவாக மீட்டுப் பதிவுசெய்தது என்பதாலேயே தனி மதிப்புடையது.

கன்ட்ரி ஹாம் எனப்படும் இந்த உலர்வகையை விருந்துக்கு ஆக்கும் முறையை நெருங்கி நோக்கினால், பாகுப்பூச்சின் பொருள் துலங்கும். முதிர்ந்த தொடையின்மேல் படிந்திருக்கும் பூஞ்சையை முதலில் தூரிகையால் தேய்த்துக் கழுவுவர். அது கேடன்று, நன்கு முதிர்ந்ததன் அடையாளம். பின்னர் ஒரு நாளோ அதற்கு மேலோ, நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பர். பெரிய அண்டாவில், தளதளவென்று கொதிக்கவிடாமல் நீர் இலேசாக அசையும் சூட்டில் மணிக்கணக்கில் வேகவிட்டு, கணுப்பக்கத்துச் சிறிய எலும்பு கையோடு ஆடும்போது இறக்குவர். சூடு ஆறுமுன் தோல் பாய்போலச் சுருண்டு உரியும். விரற்கடை அளவு கொழுப்பை விட்டுவைத்து, மைசூர்பாகுத் தட்டில் கத்தி ஓட்டுவதைப் போலச் சாய்சதுரக் கட்டங்களாகக் கீறி, சர்க்கரையும் கடுகும் அப்பி, கோடுகள் கூடும் இடந்தோறும் ஒரு கிராம்பைக் குத்தி, சூடான ஓவனுக்குள் தள்ளுவர். பரிமாறும்போது தாள்போல மெல்லிய சீவல்களாகவே அரிவர். அதற்குமேல் தடித்தால் கரிப்பு தாங்காது. ஒவ்வொரு சீவலின் விளிம்பிலும் ஒரு நூலளவு இனிப்பு ஒட்டியிருக்கும். இங்கே பாகு, உப்புக்கு எதிரெடையாக நிற்கிறது.

இந்தச் சமநிலையைக் குலைத்தவை குளிர்பதனமும் ஊசியும். 1870களுக்குப் பின் பனிக்கட்டி ஏற்றிய இரயில் பெட்டிகள் பரவியதும், உப்பு என்னும் காவலனின் வேலையில் பெரும்பங்கைக் குளிர் ஏற்றுக்கொண்டது. தொடையின் இரத்தக்குழாய் வழியாகவோ பல ஊசிகளைக் குத்தியோ உப்புநீர்க் கரைசலைச் செலுத்தும் முறை வந்தபின், மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. 1925இல் அமெரிக்க வேளாண்துறை நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அனுமதித்தது. 1926இல் ஹார்மெல் நிறுவனம் டப்பாவில் அடைத்த ஹாமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 1926இல் வர்ஜீனியச் சட்டமன்றம், ஸ்மித்ஃபீல்டு ஊரின் எல்லைக்குள் பதப்படுத்தப்பட்டதும், நிலக்கடலை விளையும் வட்டாரத்தில் கடலை தின்று வளர்ந்த பன்றியினுடையதுமான தொடைக்கே ஸ்மித்ஃபீல்டு ஹாம் என்ற பெயர் உரியது என்று சட்டமியற்றியது. பழைய முறை தன் பெயரையேனும் காத்துக்கொள்ளச் சட்டத்தின் துணையை நாடிய ஆண்டும், புதிய முறை டப்பாவில் ஏறிய ஆண்டும் ஒன்றாக அமைந்தன. இன்றைய அமெரிக்க விதிப்படி கன்ட்ரி ஹாம் தன் எடையில் குறைந்தது 18 விழுக்காட்டை இழந்திருக்க வேண்டும். நகர ஹாம் எனப்படும் ஊசிவகையோ நீர் சேர்ந்து எடை கூடியும் விற்கப்படுகிறது.

கரிப்பு குறைந்து, ஈரம் மிகுந்து, பதமாக வெந்தே கடைக்கு வந்த நகர ஹாமுக்குப் பாகு தேவையில்லை. ஆனால் பூச்சு மறையாமல் முன்னைவிடத் தடித்தது. மென்மையான இறைச்சியின் சுவையில் குறைந்துபோன ஆழத்தை மேற்புறம் ஈடுசெய்ய வேண்டியிருந்தது என்பதே இதற்கு ஏற்ற விளக்கம். இவ்வேளையில்தான் ஹவாயின் அன்னாசி வந்து சேர்ந்தது. 1901இல் ஜேம்ஸ் டோல் தொடங்கிய நிறுவனத்துக்காக ஹென்றி ஜினாகா வடிவமைத்த இயந்திரம், அன்னாசியின் தோலைச் சீவித் தண்டைக் குடைந்து டப்பாவுக்கு ஏற்ற உருளையாக்கியது. உருளையை அரிந்தால் வளையங்கள். கிராம்பு குத்திய சாய்சதுரங்களின் இடத்தை அன்னாசி வளையங்களும் நடுவில் ஒரு செர்ரியும் பல வீடுகளில் பிடித்துக்கொண்டன. பச்சை அன்னாசியில் இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலின் என்ற நொதி உண்டு. டப்பாவில் அடைக்கும்போது ஏற்றும் வெப்பம் அதை அழித்துவிடுவதால், வளையம் பதித்த இடம் குழைவதில்லை.

ஹாம் வெந்தே கடைக்கு வந்த மாற்றம், சமைப்பவர் பூச்சை இடும் நேரத்தையும் வரையறுத்தது. கரும்புச்சர்க்கரை ஏறத்தாழ 160 செல்சியஸ் பாகையில் கருகுபாகாக மாறத் தொடங்கும். தேனில் மிகுந்துள்ள பிரக்டோஸ் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். ஏற்கெனவே வெந்த இறைச்சியின் உட்புறமோ 60 பாகைக்கு வந்தால் போதும். ஆகவே முழுநேரமும் பூச்சோடு சுட்டால் உள்ளே சூடேறுமுன் வெளியே கரிந்து கசக்கும். கடைசி இருபது முப்பது நிமிடங்களில் பூசி, ஓவனின் சூட்டைக் கூட்டி, இரண்டு மூன்று முறை தடவினால் மட்டுமே பாகு கம்பிப்பதத்தைத் தாண்டிக் கண்ணாடிபோல இறுகும். கீறல்களின் வழியே உருகும் கொழுப்பு வடிந்து செல்ல, பாகு அந்தப் பள்ளங்களில் தங்குகிறது.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹாரி ஹூன்ஸலார், தொடையை எலும்பைச் சுற்றிச் சுழற்றி ஒரே தொடர்சீவலாக அரியும் இயந்திரத்துக்கு 1952இல் காப்புரிமை பெற்று, 1957இல் ஹனிபேக்டு ஹாம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பிறகு பரவிய சுருள்வெட்டு ஹாமில் கட்டங்கள் கீறுவதற்கு முழுமையான மேற்பரப்பே இல்லை. சீவல்கள் உலர்ந்துவிடாமல் அலுமினியத் தாளால் மூடிச் சூடாக்க வேண்டும். பல கடைகளில் அதன் பெட்டிக்குள்ளேயே சர்க்கரையும் மசாலாவும் கலந்த தூள் ஒரு சிறு பொட்டலமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை நீரில் கரைத்துக் காய்ச்சி, தாளை நீக்கி, கடைசிப் பத்து நிமிடத்தில் ஊற்றுகின்றனர். அந்தப் பாகு சீவல்களின் இடுக்குகளில் இறங்கி, கலவைச்சாடியில் மொலாசஸ் ஊறிய காலத்தைப்போல், மீண்டும் இறைச்சியின் உள்ளே சென்று சேர்கிறது.