தாலியும் பந்தியும்

வீணாகும் புகைக்கும் வேலை கொடுக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றிற்று. ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரெட் பூகி, 1905-ல் அந்த யோசனைக்குப் பேடண்டும் வாங்கிவிட்டார். புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அதுதான் டர்போ. ஒரே குறை, பெரிய சக்கரம் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும்.

1993-ல் வந்த டொயோட்டா சூப்ராவின் டர்போ ரகத்தில் ஜப்பானியர் ஒரு யுக்தி செய்தார்கள். 3 லிட்டர் எஞ்சினுக்குச் சிறிய டர்போக்கள் இரண்டு. முதலில் அண்ணன் உழைப்பான். நிமிஷத்துக்கு 4,000 சுற்றை நெருங்கும்போது தம்பி கைகொடுப்பான்.

பிற்பாடு கார்ப் பித்தர்கள் பலர் சகோதரர் இருவரையும் கழற்றிவிட்டு, பெரிய டர்போ ஒன்றை மாட்டினார்கள். வேண்டிய சாமான்கள் ஒரே பெட்டியில், மலிவாகவே கிடைத்தன. வேகம் கூடியது வாஸ்தவம். ஆனால் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டாமா? பெரிய இஞ்செக்டர்கள், பம்பு, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரைத் திருத்தும் கூலி எல்லாம் பெரும்பாலும் அந்த மலிவு விலைக்குள் அடங்குவதில்லை. பெட்ரோல் போதாவிட்டால் சூடேறிப் பிஸ்டனே உருகிவிடும்.

தாலி வாங்கிய கையோடு கல்யாணக் கணக்கை மூடுகிறவர் நம்மிலும் உண்டு. பந்தியில் உட்கார்ந்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது!