ஆகுர்டியில் ஆசிரியரும் நிலமும்

ஆசிரியத் தொழிலில் இருப்பவர் தம் ஊதியத்துக்கு அப்பால் பொருள் தேடலாமா என்ற கேள்வியை எழுப்பி, அதன் பொருட்டு ஒரு மகத்தான ஸ்தாபனமே பிளவுபடும் அளவுக்கு வாதாடிய நகரம் புனே. 1880-ஆம் ஆண்டில் விஷ்ணு சாஸ்திரி சிப்லூண்கரும் திலகரும் நியூ இங்கிலீஷ் பள்ளியைத் தொடங்கினர். அகர்கரும் விரைவில் அவர்களோடு சேர்ந்தார். 1884-இல் டெக்கான் கல்விக் கழகமும், அதற்கு அடுத்த ஆண்டில் பெர்க்குஸன் கல்லூரியும் உருவாயின. ஆயுள் உறுப்பினராகச் சேரும் ஆசிரியர்கள் மாதம் 75 ரூபாய் அளவிலான ஊதியத்தில் இருபது ஆண்டுகள் உழைப்பது என்பது அக்கழகத்தின் விரதம். ஜெஸூயிட் துறவிகளைப் போல ஆசிரியர்கள் தம் காலத்தையும் சக்தியையும் முழுதும் பள்ளிக்கே அர்ப்பணிக்க வேண்டும், வெளிச் சம்பாத்தியம் எந்த வடிவிலும் கூடாது என்று திலகர் வற்புறுத்தினார். அகர்கரும், கழகத்தின் ஆயுள் உறுப்பினரான கோகலேயும் சேர்ந்த தரப்போ அவ்வளவு கடுமையான நியமத்தை ஏற்கவில்லை. 1890-இல் கோகலே வெளி அமைப்பான சார்வஜனிக் சபையின் காரியதரிசிப் பதவியை ஏற்றபோது பூசல் முற்றித் திலகர் கழகத்தை விட்டு விலகினார்.

விலகிய பின்னர் அவருடைய ஜீவனத்துக்குச் சட்ட வகுப்பும், லாத்தூரில் கூட்டாளிகளோடு நடத்திய பருத்தி அரைவை ஆலையின் பங்கும் துணை நின்றன என்பதைச் சரித்திரம் படிப்போர் அறிவர். கோகலேக்கோ அவர் எழுதிய கணிதப் பாடநூல் பல ஆண்டுகள் வருவாய் தந்தது. இரு தரப்பாரையும் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இருவருமே குடும்பஸ்தர்கள், இருவரும் தம் காலத்தின் பெரும்பகுதியைத் தேசத்துக்குக் கொடுத்தவர்கள். ஆனால் அன்று எழுந்த கேள்வி தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது. புனேயைச் சுற்றியிருந்த கிராமங்கள் நகரமாக மாறிய காலத்தில் அது நிலத்தின் வடிவில் மறுபடியும் எழுந்தது.

புனேயிலிருந்து பம்பாய் செல்லும் பாதையில், கண்டோபா கோயிலையும் சுற்றிலும் வயல்களையும் கொண்டிருந்த சிற்றூர் ஆகுர்டி. 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்ட்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை எழுந்தது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு இப்பகுதியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கத் தொடங்கியது. ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவின் ஆலை நிலைபெற்றதும், ஸ்கூட்டர் செய்யும் ஊர் என்று இதன் பெயர் நாடெங்கும் பரவியது. 1970-இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போஸரி, ஆகுர்டி ஆகியவற்றை இணைத்து நகராட்சி ஏற்பட்டது. 1972-இல் நிறுவப்பட்டது புதுநகர வளர்ச்சி ஆணையம். அதைத்தான் ஊர்மக்கள் இன்றும் பிராதிகரண் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பிராதிகரணின் கதையைச் சற்று நின்று சொல்வது அவசியம், ஏனெனில் மாதச் சம்பளக்காரரான ஆசிரியருக்கு நிலம் முதன்முதலில் கைக்கெட்டியது இதன் வழியாகத்தான். ஆணையம் விவசாயிகளின் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலையும் சாக்கடையும் அமைத்து, செக்டர் என்று எண்ணிட்டுப் பிரித்து, மனைகளை 99 ஆண்டுக் குத்தகையில் அளித்தது. ஆலைத் தொழிலாளி, வங்கி குமாஸ்தா, உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர் எல்லோரும் மனுச் செய்யும் வரிசையில் நின்றனர். வீட்டுக் கடன் என்பதே அரிதாக இருந்த காலம் அது. வீட்டுக் கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி. 1977-இல்தான் நிறுவப்பட்டது, அதற்கு முன் சேமநிதியிலிருந்து முன்பணமும் மனைவியின் நகையும் கூட்டுறவுச் சங்கத்தின் கடனுமே ஒரு சாமானியனின் மூலதனம். அப்படி வாங்கிய மனையில் தானே குடியிருக்க ஒரு வீடும், கையில் மிஞ்சியதற்கேற்ப வாடகைக்கு மேல்மாடியில் ஓர் அறையும் கட்டிய ஆசிரியரை வியாபாரி என்று சொல்ல யாருக்கும் மனம் துணியாது.

நிலம் கொடுத்த குடியானவரின் பக்கத்தையும் மறைத்துவிட்டு எழுதுவது தர்மமாகாது. எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை, அதாவது எட்டில் ஒரு பங்கை, வளர்த்த மனையாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவர்கள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். ஒருவருடைய வீட்டுக் கனவு பிறரது வயலின் மேல் எழும்புகிறது என்ற உண்மையை, மாணவர்களுக்கு நீதி போதிப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உணர்ந்திருக்க வேண்டும்.

பிராதிகரணின் எல்லைக்கு வெளியே விஷயம் வேறு. அங்கே நிலம் குண்டாக் கணக்கில் கைமாறியது. ஒரு குண்டா என்பது 1,089 சதுர அடி. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். விவசாய நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதை 1947-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தும், குண்டா குண்டாக விற்பனை நடந்தது; 1976-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் புனே நகரப் பகுதியில் ஒருவர் வைத்துக்கொள்ளும் காலி மனையை 1,000 சதுர மீட்டராகக் குறுக்கியதும் நேர்வழியில் விற்பனைக்கு வரும் நிலத்தை அருமையாக்கிற்று. தாள் வாசிக்கத் தெரிந்தவருக்கு அப்போது மதிப்பு ஏறியது. சாத் பாரா என்னும் நில உரிமைப் பதிவை வாசித்து, அதில் எவர் பெயர், எந்த வாரிசின் உரிமை, எந்தக் கடன் பதிவாகியிருக்கிறது என்று விளக்கும் திறமை கிராமத்தில் தலாட்டி என்னும் கிராமக் கணக்கரை விட்டால் பெரும்பாலும் பள்ளி மாஸ்தருக்கே இருந்தது. அவர் பேச்சை நம்பினால் ஏமாற மாட்டோம் என்ற விசுவாசமும் அவர்மேல் இருந்தது. முதலில் உபகாரமாகப் படித்துச் சொன்னவர், பின்னர் தரகு பெற்று, பிறகு தாமே வாங்கி விற்கத் துணிவது இயல்பான படிக்கட்டு. இப்படிக் குண்டா குண்டாக விற்ற நிலத்தில் எழுந்த குண்டேவாரிக் குடியேற்றங்களை முறைப்படுத்த 2001-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் தவறு நேர்கிறது? என் அபிப்பிராயம் இது: வீடு தேடுகிற ஆசிரியரின் மனம் தன் குடும்பத்தை நோக்குகிறது, அதில் பிசகில்லை, ஓய்வுக் காலத்துக்கு ஒரு மனையை ஒதுக்கி வைப்பதிலும் பிசகில்லை, ஆனால் மாணவரின் பெற்றோரிடமே மனை விற்கும் நிலைக்கு அவர் வரும்போது, வகுப்பறையில் அவர்மீது அவர்கள் வைத்த நம்பிக்கை விலைப்பொருளாகிவிடுகிறது. அரசு ஊழியர் அசையாச் சொத்து வாங்கினால் தெரிவிக்க வேண்டும், ஊக வணிகமும் வியாபாரமும் கூடாது என்று மகாராஷ்டிரத்தின் 1979-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்வதன் உட்கருத்து இதுவே.

ஆசிரியர் நிலத்தைத் தேடிப் போனது போலவே, எதிர்த்திசையில் கல்வியும் நிலத்தைத் தேடி வந்தது. 1983-இல் வசந்த்தாதா பாட்டீல் அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிதிறந்தது. 1984-இல் பிம்ப்ரியில் தோன்றிய டி.ஒய். பாட்டீல் பொறியியல் கல்லூரி பின்னர் ஆகுர்டிக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரி வந்ததும் மாணவர் விடுதிகளும் வாடகைக் குடியிருப்புகளும் பெருகின; விரிவுரையாளரின் வீடு அவருக்கே இரண்டாம் சம்பளம் ஈட்டலாயிற்று. 2007-இல் உச்சவரம்புச் சட்டமும் ரத்தானது; ஆகுர்டி ஆலையில் வாகன உற்பத்தியும் நின்றது. ஆலைச் சங்கு கேட்டு விடிந்த ஊர், அடுக்குமாடி விலையைப் பேசும் ஊராயிற்று.

ஆசிரியர் நிலத்தை நாடுவதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று கருதுவது அநியாயம். 2000-இல் மகாராஷ்டிர அரசு ஷிக்ஷண் சேவக் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புதிதாக நியமனம் பெறும் ஆசிரியர் முதல் மூன்று ஆண்டுகள் சொற்ப மதிப்பூதியத்தில் பணிசெய்ய நேர்ந்தது. 2005 நவம்பர் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று அரசு முடிவு செய்தது. ஊதியம் குறைந்தாலும் முதுமையில் அமைதி உண்டு என்பதே இத்தொழிலின் பழைய உடன்படிக்கை. அதன் ஒரு பாதியை அரசு கழற்றிவிட்ட பின்னர், மறு பாதியை மனையில் தேடியவரைப் பழிக்க நான் ஒருப்படேன்.

தோண்டோ கேசவ் கர்வேயை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெர்க்குஸனில் கணிதப் பேராசிரியரான அவர் தமது ஆயுள் காப்புறுதியின் 5,000 ரூபாயைக் கைம்பெண்களின் இல்லத்துக்கு ஒப்படைத்தார். அந்த இல்லம் 1900-இல் புனேக்கு வெளியே ஹிங்கணேயில், ஓர் அன்பர் தானமாக அளித்த நிலத்தில் ஒரு குடிசையில் வேரூன்றியது. கல்லூரிக்கும் அந்தக் குடிசைக்குமாகப் பல ஆண்டுகள் அவர் நடந்தார். அவ்வளவு பெரிய வைராக்கியத்தை ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்பது எந்த அரசுக்கும் உரிமையல்ல. ஆசிரியர்கள் உட்பட மாநில அரசு ஊழியர்கள் 2023 மார்ச்சில் பழைய ஓய்வூதியத்தை வேண்டி ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, இருப்பிடமும் முதுமைக்கு நிச்சயமும் என்ற மிக எளிய இரண்டில் ஒன்றையே அவர்கள் கேட்டார்கள். பிராதிகரண் ஆணையமோ அதற்குள் 2021-இலேயே கலைக்கப்பட்டு, அதன் நிலங்கள் பிற அமைப்புகளுக்குப் பிரிக்கப்பட்டுவிட்டன. 1970-களில் குத்தகைக்கு மனை பெற்ற உபாத்தியாயர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வீடுகளில் இன்னும் குடியிருக்கிறார்கள்.