கடிதம் படிக்கக் கற்ற கணினி

வந்த மின்னஞ்சலைக் கணினியே படித்து, வேண்டிய விவரத்தை எடுத்து, அலுவலையும் முடித்துவிடுவது இன்று நேற்று தோன்றிய வழக்கமல்ல. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்து 1981இல் தொடங்கியது பிட்நெட் வலையமைப்பு. ஒரு மடலைப் பலருக்கும் சேர்ப்பிக்கும் முகவரிப் பட்டியல்கள் அதில் இருந்தன. பட்டியலில் சேர விரும்பியவர் பொறுப்பாளருக்கு எழுதிவிட்டு, அவர் தம் கையால் பெயரைச் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1986இல் பாரிஸில் பொறியியல் மாணவராக இருந்த எரிக் தோமா எழுதிய 'லிஸ்ட்சர்வ்' என்ற நிரல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 'சப்ஸ்கிரைப்' என்ற சொல், அடுத்துப் பட்டியலின் பெயர், அதற்கடுத்துச் சேருபவரின் பெயர். மடலில் இந்த ஒரு வரி போதும். முகவரியை அனுப்புநர் பகுதியிலிருந்து நிரலே எடுத்துக்கொள்ளும்.

'ஐயா, அன்புகூர்ந்து என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று பணிவாக எழுதினால்? மனிதருக்குப் புரியும் மடல் நிரலுக்குப் புரியாது! அவசரத்தில் கட்டளையைப் பட்டியல் முகவரிக்கே அனுப்பியவர்களும் உண்டு. 'என் பெயரை நீக்குங்கள்' என்ற வேண்டுகோள் உறுப்பினர் அனைவரின் அஞ்சல்பெட்டியிலும் போய் விழும். அனுப்புநர் முகவரியைப் பொய்யாக இட்டு, வேறொருவரைப் பட்டியலில் மாட்டிவிடவும் வழியிருந்தது. அதனால்தான், உரியவரிடமிருந்து 'ஓகே' என்று பதில் வந்த பிறகே பெயரைச் சேர்க்கும் ஏற்பாடு பின்னாளில் வந்தது.